பணத்திற்குப் பதில் சீட்டு: நுகர்வோரின் உரிமை எதுவரை?

தீபாவளி முடிந்த மறுவாரம், நாட்டின் எந்த நகரத்திலும், பெரிய துணிக்கடைகளின் ஒரு மூலையில் சிறு வரிசையொன்று நிற்பதைக் காணலாம். வாங்கிய ஆடையின் அளவு பொருந்தாதவர், வண்ணம் பிடிக்காதவர், ஒருமுறை நனைத்ததும் சாயம் போகக் கண்டவர் எனப் பலரும் அவ்வரிசையில் இருப்பர். அவர்கள் அனைவருக்கும் கடை தரும் விடை ஒன்றே. பொருள் பெற்றுக்கொள்ளப்படும், பணம் தரப்படமாட்டாது, அதே தொகைக்கு ஒரு சீட்டு வழங்கப்படும், அச்சீட்டைக் கொண்டு குறிப்பிட்ட நாளுக்குள் அதே கடையில் வேறு பொருள் வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர்கள் இதனைக் 'கிரெடிட் நோட்' என்று வழங்குகின்றனர். இக்கட்டுரையில் வரவுச் சீட்டு என்று குறிப்பிடுவோம்.

அளவு பொருந்தாதவரும் சாயம் போகக் கண்டவரும் சட்டத்தின் முன் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். முன்னவருக்குச் சீட்டு என்பது கடை மனமுவந்து செய்யும் சலுகை. பின்னவருக்கோ அது, சட்டப்படி ரொக்கமாகக் கிடைக்க வேண்டியதைக் குறைத்துத் தரும் செயல். இவ்விருவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, ஒரே சீட்டைக் கையில் கொடுத்தனுப்பும் வழக்கம் வேரூன்றிவிட்டதால், வாங்குவோரும் விற்போரும் இவ்வேறுபாட்டையே மறந்துவிட்டனர்.

சீட்டின் இயல்பு

வரவுச் சீட்டு என்பது கடன் பத்திரமே. கடன் கொடுத்தவர் வாடிக்கையாளர், பெற்றவர் கடைக்காரர். பொருளைக் கடை திரும்பப் பெற்றுக்கொண்ட கணத்திலிருந்து, அதன் விலை கடையின் கையில் வாடிக்கையாளரின் பணமாக இருக்கிறது. அதற்கு வட்டியில்லை, ஈடுமில்லை. கடனைத் திருப்பும் விதத்தையும் இடத்தையும் கெடுவையும் கடன் பெற்றவரே முடிவு செய்கிறார். வேறு எந்தக் கடனிலும் காணமுடியாத ஏற்பாடு இது.

ரூ.1,200 பெறுமான சீட்டொன்றை எடுத்துக்கொள்வோம். சீட்டை வைத்திருப்பவருக்குத் தேவைப்படும் சட்டை ரூ.950 எனில், மீதம் ரூ.250 பெரும்பாலும் கைக்கு வாராது. 'மீதித் தொகை தரப்படமாட்டாது' என்று சீட்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும். அவர் ரூ.1,500 சட்டையை எடுத்தால் மேலும் ரூ.300 கொடுக்கவேண்டும். முதல் வழியில் கடைக்கு ரூ.250 இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டாவதில் ரூ.300-க்குப் புதிய வணிகம் கிடைக்கிறது. சீட்டைத் தொலைத்துவிட்டாலோ, கெடு கடந்துவிட்டாலோ ரூ.1,200 முழுவதும் கடைக்கே. தள்ளுபடிக் காலத்தில் வாங்கிய பொருளானால் இன்னொரு நுட்பமும் உண்டு. வாங்கியபோது கொடுத்த விலைக்கே சீட்டுத் தரவேண்டும் என்பது இயல்பான நியாயம். திருப்பித் தரும் நாளில் விலை குறைந்திருந்தால் அக்குறைந்த விலைக்கே சீட்டு எழுதும் கடைகளும் உண்டு. விலை ஏறியிருந்தால் ஏறிய விலைக்கு எழுதுவதை மட்டும் காண்பதரிது.

கணக்கியல் இதனை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது. 2018 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தர விதி 115-இன்படி, முன்கூட்டியே பணம் பெற்று இன்னும் பொருள் வழங்காத தொகை நிறுவனத்தின் பொறுப்பாகவே ஏட்டில் நிற்கும். வாடிக்கையாளர் கேட்டுப் பெறமாட்டார் என்று எதிர்பார்க்கத்தக்க பகுதியை வருவாயாகக் காட்டிக்கொள்ளவும் அவ்விதி வழிவகுக்கிறது. மறதிக்கும் கணக்கேட்டில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டுள்ளது என்றே சொல்லலாம்.

ஈண்டு ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவது நலம். சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 34-ஆம் பிரிவிலும் 'கிரெடிட் நோட்' உண்டு. பொருள் திரும்ப வந்தபோது, முன்பு எழுதிய விலைப்பட்டியலின் தொகையையும் வரியையும் குறைத்துக்கொள்ள விற்பனையாளர் எழுதும் வரி ஆவணம் அது. அதை எழுதியதனாலேயே பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்றாகிவிடாது. 'வரிச் சட்டப்படி கிரெடிட் நோட்தான் தரமுடியும்' என்று சில கடைகளில் கூறப்படும் விடைக்கு அச்சட்டத்தில் ஆதாரம் இல்லை.

கடை மூடப்பட்டால் சீட்டின் கதி என்ன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். 2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் கீழ் நிறுவனம் கலைக்கப்படுமாயின், ஈடு பெற்ற கடன்காரர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் உரியவை தீர்ந்த பின்னரே ஈடற்ற கடன்காரர்களுக்கு முறை வரும். சீட்டு வைத்திருப்பவர் அந்த நீண்ட வரிசையின் பிற்பகுதியில்தான் நிற்பார்.

குறையுள்ள பொருளும் குறையற்ற பொருளும்

வாங்கிய பின் மனம் மாறினால் பொருளைத் திருப்பித் தரும் பொது உரிமை எதையும் இந்தியச் சட்டம் வாங்குவோருக்கு அளிக்கவில்லை. வண்ணம் பிடிக்கவில்லை, வீட்டில் வேறு கருத்துச் சொன்னார்கள் என்பனவெல்லாம் கடைக்காரரின் நல்லெண்ணத்திற்கு உட்பட்டவை. அவர் மறுக்கலாம்; மாற்றித் தரலாம்; சீட்டுத் தரலாம். ஆனால் இத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று பலகையிலோ பட்டியலிலோ அறிவித்து விற்றபின், அவ்வாக்கைக் காப்பது அவர் கடமையாகிவிடுகிறது.

குறையுள்ள பொருளின் நிலை வேறு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமே இதற்கு அடித்தளம். விவரணையைக் கூறி விற்ற பொருள் அவ்விவரணைக்குப் பொருந்தவேண்டும் என்று அதன் 15-ஆம் பிரிவும், அத்தகைய பொருளை விற்பதே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது அது வணிகத் தரத்தில் இருக்கவேண்டும் என்று 16-ஆம் பிரிவும் கூறுகின்றன. அச்சட்டத்திற்கு ஒரு பலவீனமும் உண்டு. வெளிப்படையான உடன்பாட்டின் மூலம் இவ்வுட்கிடை நிபந்தனைகளை விலக்கிக்கொள்ள 62-ஆம் பிரிவு இடமளிக்கிறது. இருதரப்பாரும் சமநிலையில் நின்று பேரம் பேசும் சந்தையை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட சட்டம் அது. பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் நிபந்தனை அச்சிடும் கடைக்கும், அதைப் படிக்காமலே பையை வாங்கிக்கொள்பவருக்கும் இடையே அத்தகைய சமநிலை இல்லை.

தில்லிக் கடைவீதிகளின் பட்டியல்களில் 'பிகா ஹுவா மால் வாபஸ் நஹீன் ஹோகா' என்றும், நம் ஊர்ப் பட்டியல்களில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்றும் நெடுங்காலமாக அச்சிடப்பட்டு வந்த வாசகம் இப்பலவீனத்தின் நிழலில் வளர்ந்ததே. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இவ்வாசகம் கேள்விக்குள்ளாயிற்று. இது நேர்மையற்ற வணிக முறை என்று 1999-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை மாநில அரசுகளுக்கு எழுதியது. ஆயினும் சட்டத்தின் வாசகத்திலேயே அது இடம்பெறப் பின்னும் இருபதாண்டுகள் ஆயின.

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2-ஆம் பிரிவின் 47-ஆம் உட்பிரிவில் நேர்மையற்ற வணிக முறைகளை விரித்துரைக்கிறது. பட்டியல் தராமலிருப்பது அவற்றுள் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, பெற்ற விலையைத் திருப்பித் தர மறுப்பது மற்றொன்று. பட்டியலில் குறிப்பிட்ட காலத்திற்குள், அவ்வாறு எதுவும் குறிப்பிடாவிடில் 30 நாட்களுக்குள், இது செய்யப்படவேண்டும். சட்டம் இங்கே சொல்வது விலையைத் திருப்பித் தருவதையே. விலைக்கு ஈடான சீட்டைத் தருவதை அன்று. குறைதீர் ஆணையம் பிறப்பிக்கக்கூடிய ஆணைகளைக் கூறும் 39-ஆம் பிரிவும் இதை உறுதிப்படுத்துகிறது. குறையை நீக்கித் தருக, மாற்றுப்பொருள் தருக, விலையை வட்டியுடன் திருப்பித் தருக, இழப்பீடு தருக என்றெல்லாம் ஆணையிடலாம். வரவுச் சீட்டு என்ற ஒன்று அப்பிரிவில் எங்கும் இல்லை.

'குறை' என்பதன் பொருளும் குறுகியதன்று. தரம், அளவு, வீரியம், தூய்மை ஆகியவற்றில் சட்டமோ ஒப்பந்தமோ வேண்டுவதற்குக் குறைவாக இருப்பது மட்டுமன்றி, வணிகர் கூறிய உரிமைகோரலுக்குக் குறைவாக இருப்பதும் குறையே. சாயம் போகாது என்று கூறி விற்ற துணியில் சாயம் போனால் அது குறையுள்ள பொருள். சுத்தப் பட்டு என்று விற்றதில் செயற்கை இழை கலந்திருந்தால் அதுவும் அவ்வாறே.

சட்டத்தில் ஓர் இடைவெளி இருப்பதையும் மறைப்பதற்கில்லை. 'பட்டியலில் குறிப்பிட்ட காலம்' என்ற சொற்கள், மூன்றே நாள் என்று அச்சிடும் கடைக்கு இடமளிக்கின்றனவா? குறை வெளிப்படுவதற்கே ஒரு வாரம் ஆகும் பொருளில் மூன்று நாள் கெடு விதிப்பது உரிமையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பதாகும். காலத்தின் கீழ்வரம்பு ஒன்றைச் சட்டமே வகுத்திருக்கலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சீட்டை ஏற்றுக்கொண்டால்?

குறையுள்ள பொருளைத் திருப்பித் தந்தவர் மறுப்பேதும் கூறாமல் சீட்டைப் பெற்றுக்கொண்டு வந்துவிட்டால், பின்னர்ப் பணம் கேட்க முடியுமா? 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவு, வாக்குறுதி பெற்றவர் அவ்வாக்குறுதிக்குப் பதிலாகத் தமக்கு உகந்ததெனக் கருதும் வேறொன்றை ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது. முழு மனத்துடன் சீட்டை ஏற்றதாகக் கடைக்காரர் வாதிட இப்பிரிவு உதவும். 'வேறு வழியில்லை, இதுதான் எங்கள் விதி' என்று சொல்லப்பட்டு வாங்கிக்கொண்டது முழு மனத்துடன் ஏற்றது ஆகாது என்பது எதிர்வாதம். வழக்கின் முடிவு சான்றைப் பொறுத்தது. ஆகவே சீட்டைப் பெறும்போதே, பணம் கோரியதையும் அது மறுக்கப்பட்டதையும் கடையின் பிரதியில் ஒரு வரியாக எழுதிக் கையொப்பமிடுவது பயனுள்ளது. அதற்கு இடங்கொடாவிடில் அன்றே கடைக்கு ஒரு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்பி வைக்கலாம்.

விமானங்களும் வாடகைக் கார்களும்

சீட்டின் உண்மை இயல்பை நாடு முழுவதும் உணரவைத்தது 2020-இன் ஊரடங்கு. விமானங்கள் நின்றன, பயணச்சீட்டுகள் நீக்கப்பட்டன, கட்டணத்தைப் பணமாகத் தராமல், வருங்காலப் பயணத்திற்கான வரவாக வைத்துக்கொள்வதாக நிறுவனங்கள் கூறின. பயணியின் திருப்புத் தொகையை வரவாக வைப்பது பயணியின் விருப்பமேயன்றி நிறுவனத்தின் வழக்கமாக இருத்தலாகாது என்று விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகள் முன்னரே கூறியிருந்தன. பிரச்சினை உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2020 அக்டோபர் 1-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், ஊரடங்குக் காலத்தில் பயணத்திற்கெனப் பதிவுசெய்யப்பட்ட சீட்டுகளின் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. நிதி நெருக்கடியால் இயலாத நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை பயன்படுத்தத்தக்க வரவை வழங்கலாம். ஆனால் அவ்வரவு வளரவேண்டும்: 2020 ஜூன் 30 வரை மாதத்திற்கு 0.5 விழுக்காடும், அதன்பின் மாதத்திற்கு 0.75 விழுக்காடும். அதைப் பிறருக்கு மாற்றித் தரலாம். கெடுவுக்குள் பயன்படுத்தாவிடில் பணம் திரும்பவேண்டும்.

இம்மூன்று நிபந்தனைகளையும் துணிக்கடைச் சீட்டுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கடைச் சீட்டு வளர்வதில்லை. பெரும்பாலும் மாற்றித் தரத்தக்கதன்று. கெடு முடிந்தால் பணமாக மாறுவதுமில்லை. அத்தீர்ப்பு ஓர் அசாதாரணச் சூழலுக்கென அமைந்தது, துணிக்கடைகளைக் கட்டுப்படுத்தாது. எனினும் பிறர் பணத்தை வைத்திருப்பதற்கு விலை உண்டு என்ற கொள்கை அதில் பொதிந்துள்ளது.

மின்வணிகத்தில் விதிகள் இன்னும் தெளிவு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளை மட்டுமன்றி, விளம்பரத்தில் கூறியவாறு இல்லாத பொருளையும், வாக்களித்த நாளுக்குப் பிந்தி வந்த பொருளையும் திரும்பப் பெறவோ விலையைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுத்தலாகாது. இயற்கைச் சீற்றம் போன்ற காரணங்களால் நேர்ந்த தாமதத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. இருந்தும், திருப்புத் தொகையைத் தம் தளத்திலேயே செலவழிக்கத்தக்க வரவாக மாற்றும் போக்கு ஓயவில்லை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலா வாடகைக் கார் நிறுவனத்திற்குப் பிறப்பித்த ஆணை இவ்வகையில் நோக்கத்தக்கது. குறை கூறிய பயணிகளுக்கு அடுத்த பயணத்திற்கான கூப்பன் மட்டுமே தரப்பட்டு வந்ததை ஆணையம் கண்டது. வங்கிக் கணக்கிலா, கூப்பனாகவா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்கும் வழியை ஏற்படுத்தும்படி ஆணையிட்டது. கூப்பனை அது தடை செய்யவில்லை. தேர்வை யாரிடம் வைப்பது என்பதையே முடிவு செய்தது.

சீட்டின் பின்புறம்

சலுகையாகத் தரப்பட்ட சீட்டாயினும், தரப்பட்டபின் அதன் நிபந்தனைகள் நியாயமாக இருக்கவேண்டும் அன்றோ? இங்கேதான் சட்டம் ஏறத்தாழ மௌனமாக உள்ளது. வங்கிகளும் பிற அமைப்புகளும் வெளியிடும் பரிசு அட்டை, பணப்பை முதலிய முன்செலுத்து சாதனங்களுக்கு ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த நெறிமுறைகள் குறைந்தது ஓராண்டு செல்லுபடிக் காலம் விதித்தன. காலாவதிக்கு முந்தைய 45 நாட்களில் வைத்திருப்பவருக்கு எச்சரிக்கை அனுப்பவேண்டும்; காலாவதியான பின்பு அவர் வந்து கேட்டாலும் மீதத்தை வங்கிக் கணக்கில் தரவேண்டும். ஆனால் ஒரு கடை தன்னிடமே பொருள் வாங்குவதற்கென வெளியிடும் மூடிய வகைச் சாதனத்திற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. அந்நெறிமுறைகளின் பாதுகாப்பும் அதற்குக் கிட்டுவதில்லை. பணம் ஒன்றே, அதைத் தாங்கிய தாளை அச்சிட்டவர் யார் என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பு மாறுகிறது.

2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற புதிய கருத்து இடம்பெற்றுள்ளது. நுகர்வோருக்குப் பாதகமான, காரணமற்ற நிபந்தனையை அவர்மீது சுமத்துவது அதன் வரையறைக்குள் வரும். மீதத் தொகை பறிபோகும், 30 நாளில் காலாவதியாகும் என்பன போன்ற வாசகங்களை இதன் கீழ்க் கொண்டுவர நல்ல வாய்ப்புண்டு. ஆனால் ஒப்பந்தம் நியாயமற்றது என்ற முறையீட்டை மாவட்ட ஆணையம் விசாரிக்க இயலாது. 47-ஆம் பிரிவின்படி அது மாநில ஆணையத்திற்கு உரியது. விதியை வெற்றென அறிவிக்கும் அதிகாரத்தை 49-ஆம் பிரிவு மாநில ஆணையத்திற்கே அளிக்கிறது. ரூ.250-ஐ இழந்த ஒருவர் அதற்காகத் தலைநகர் செல்வாரா? ஆகவே நடைமுறையில் இத்தகைய முறையீடுகள், நேர்மையற்ற வணிக முறை என்ற தலைப்பில் மாவட்ட ஆணையத்தின் முன் வைக்கப்படுவதே ஏற்றது. மாணவர்கள் இவ்வேறுபாட்டைக் கவனிக்கவேண்டும்.

முறையீட்டு வழி

முதற்படி, 1915 என்ற எண்ணில் இயங்கும் தேசிய நுகர்வோர் உதவி மையம். வழக்குக்கு முந்தைய இணக்கத்திற்கு இது முயலும். கட்டளையிடும் அதிகாரம் இல்லை. அதன்பின் மாவட்ட ஆணையம். நுகர்வோர் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பது 2019-இல் வந்த நல்ல மாற்றம். சுற்றுலாவின்போது ஜெய்ப்பூரில் வாங்கிய பொருளுக்காக ஜெய்ப்பூர் செல்லவேண்டியதில்லை. கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரையில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இரண்டாண்டுகளுக்குள் முறையிடவேண்டும். பொருளைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டாதபோது மூன்று மாதங்களிலும், அனுப்பவேண்டின் ஐந்து மாதங்களிலும் முடிவு செய்ய முயலவேண்டும் என்று சட்டம் கூறினும், வழக்குகள் அதனினும் நீள்வதே அனுபவம்.

எனவேதான் சிறு தொகைகளுக்குத் தனிமனித வழக்கைவிடக் கூட்டு நடவடிக்கையே பொருந்தும். ஒரே குறையுள்ள பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதியுடன், முறையிடலாம். பதிவு பெற்ற நுகர்வோர் சங்கமும் முறையிடலாம். அலுவலர்கள் அறியவேண்டிய பிரிவு 16-ஆவது. நுகர்வோரை ஒரு வகுப்பாகப் பாதிக்கும் செயல்களை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திற்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தை அது மாவட்ட ஆட்சியருக்கு அளிக்கிறது. நகரின் பெரிய கடைகளின் சீட்டுகளைச் சேகரித்து, பின்புற நிபந்தனைகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை அனுப்புவது ஆட்சியர் அலுவலகத்திற்கு ஒரு வாரப் பணி. தனியொருவர் ரூ.250-க்காக ஓராண்டு அலைந்து பெறுவதைவிட அதன் பயன் பெரிதாக இருக்கும்.

18-ஆம் பிரிவின் கீழ் நெறிமுறைகள் வெளியிடும் அதிகாரமும் அவ்வாணையத்திற்கு உண்டு. உணவகச் சேவைக் கட்டணம் பற்றி 2022-இலும், இணையதளங்களின் ஏமாற்று வடிவமைப்புகள் பற்றி 2023-இலும் அவ்வாறு வெளியிட்டுள்ளது. வரவுச் சீட்டுக்கும் ஒன்று வேண்டும். குறையுள்ள பொருளுக்குச் சீட்டை வற்புறுத்தலாகாது என்பதை அது வெளிப்படையாகச் சொல்லவேண்டும். செல்லுபடிக் காலம் ஓராண்டுக்குக் குறையலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தவும், சிறு மீதத்தை ரொக்கமாகப் பெறவும் இடமிருக்கவேண்டும். ஒரே நிறுவனத்தின் எல்லாக் கிளைகளிலும் செல்லவேண்டும். சீட்டு தொலைந்தாலும் பட்டியல் எண்ணைக் கொண்டு கணக்கிலிருந்து எடுத்துத் தரவேண்டும். இறுதியாகத் தாளைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். வெப்பத்தால் அச்சாகும் மெல்லிய தாளில் தரப்படும் சீட்டுகளின் எழுத்து, பணப்பையில் சில வாரங்கள் இருந்தாலே மங்கிவிடுகிறது. கெடு முடியும் நாள்வரை படிக்கத்தக்கதாகச் சீட்டைத் தருவதும், அதன் நகலைக் கைபேசிக்கு அனுப்புவதும் கடையின் பொறுப்பாக இருக்கவேண்டும்.